சந்தைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைக்குச் சொல் வளர எந்தப் படப்புத்தகம் வாங்கலாம், போனில் எதைப் போட்டுக் காட்டலாம் என்று இளம் தாய்மார் என்னைக் கேட்கிறார்கள். நெடுங்காலம் முன்பள்ளியில் படிப்பித்தவள் என்பதால் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்பதுதான் என் மறுமொழி.

படத்தில் வெண்டிக்காயைக் காட்டினால் அதன் பெயர் வரும், அதோடு சரி. சந்தையில் அதன் நுனியை முறிக்கக் கொடுத்துப் பாருங்கள். டக்கென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முத்தல். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் ஒன்றைக் கையில் கொடுத்து, காயா, செங்காயா, பழமா என்று கேளுங்கள். பிள்ளை நசித்துப் பார்க்கும், மணந்து பார்க்கும், காம்படியில் பால் காய்ந்து கிடப்பதைக் கண்டு "இதென்ன?" என்று கேட்கும். வாடல், அழுகல், ஒட்டுது, கைக்குது, நசிஞ்சு போச்சு என்று சொற்கள் அங்கே தாமாக வரும். முன்பள்ளிக்கு வந்த பல பிள்ளைகளிடம் நான் குறைவாகக் கண்டவை இவைதான். பெயர்கள் நிறையத் தெரிந்திருக்கும். நடந்ததைச் சொல்லச் சொன்னால் "அது... அங்க..." என்று கையைக் காட்டுவார்கள்.

கூட்டிப் போனால் மட்டும் போதாது. கீரை விற்கும் ஆச்சி குனிந்து, "என்ன குஞ்சு, வல்லாரையோ பொன்னாங்காணியோ?" என்று ஆசையாகக் கேட்பார். பிள்ளை வாய் திறக்க முன்னமே தாய், "வல்லாரை ரெண்டு பிடி தாங்கோ" என்று முடித்துவிடுவார். தயவுசெய்து பொறுத்திருங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். வீட்டில் வெளிக்கிடும்போதே, "இந்த ரெண்டு சாமானும் நீதான் கேட்டு வாங்க வேணும்" என்று பொறுப்பைக் கொடுங்கள். "பொன்னாணி" என்று சொன்னால் அதட்ட வேண்டாம். "ஓம், பொன்னாங்காணி" என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும், அடுத்த கிழமை தானே திருந்தும்.

சந்தை வாசலில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை இருத்தி, கையில் போனைக் கொடுத்துவிட்டுத் தகப்பன் காவல் நிற்பதை அடிக்கடி காண்கிறேன். மனம் பொறுக்குதில்லை. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரைக்கு முன் இருக்கக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. இறங்கி உள்ளே வரவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நாள்தோறும் இயலாது, விளங்குகிறது. சனிக்கிழமை ஒரு தரம் போதும். மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லும் தபால் கந்தோரும்கூட உதவும்.

முன்பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு காலை, வெயில் ஏற முன்னம், பிள்ளைகளைச் சிறு குழுக்களாகக் கிட்டடிச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். வாங்கி வந்ததை அவர்களே கழுவட்டும், கிள்ளட்டும், உரிக்கட்டும். அன்றைக்குக் கொப்பி வெறுமையாக வீட்டுக்கு வந்தால் பெற்றோர் குறை சொல்ல வேண்டாம்.

ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
கோண்டாவில்.