நியூட்ரலில் இறங்காதே அண்ணே

ஸ்கார்பரோ, டொராண்டோ
ஜனவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அண்ணியையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. கொடைக்கானல் சவாரி இறங்கும்போது டம்டம் பாறைக்குக் கீழே பிரேக்கில் தீய்ந்த வாடை வந்தது, ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தோம் என்றாய். நியூட்ரலில் போட்டு உருட்டினாயா என்று கேட்டதற்கு, டீசல் விற்கிற விலைக்கு வேறென்ன செய்வது என்றாய். போனில் பேசி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா அம்பாசடர் ஓட்டிய காலத்தில் அந்தக் கணக்கு ஓரளவு சரி, அது கார்புரேட்டர் வண்டி. உன் வண்டி அப்படியில்லை அண்ணே. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர் டீசல் விடுவதையே நிறுத்திவிடும், உருளுகிற சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது, அப்புறம் இன்ஜின் அணையாமல் இருக்க அது டீசல் குடித்தே ஆக வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து நீ செய்வதுதான் செலவு. இன்னொன்று, இன்ஜின் பிடித்து இழுக்காததால் அத்தனை பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்குகிறது, அது சூடேறிவிட்டால் நீ எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. உள்ளே ஏழு பேர். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அப்பாதானே.

இதையெல்லாம் நான் இங்கே வந்துதான் காரணத்தோடு புரிந்துகொண்டேன். பார்சல் வேன் வேலையில் சேர்ந்த முதல் வாரம் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பழக்கினார், பல வருஷம் பஸ் ஓட்டிய பஞ்சாபிக்காரர். சிக்னலில் சட்டென்று கிளப்பினால் ஒன்றும் பேச மாட்டார், கையை மட்டும் மெல்ல அமர்த்திக் காட்டுவார். அம்மா தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தளும்பாமல் வருவாளே, அந்த நடைதான் அவர் கேட்டது. தூரத்தில் சிகப்பு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட வேண்டும். கியரிலேயே உருண்டு போய்ச் சேருவதற்குள் பாதி நேரம் பச்சை விழுந்துவிடும், நிற்கவே வேண்டாம். நின்ற வண்டியைக் கிளப்புவதற்குத்தான் அதிகம் எரிகிறது.

நிற்கிற வண்டியை வீணாக ஓட விட இந்த ஊரில் சட்டமே இடம் தராது, ஒரு மணி நேரத்தில் 1 நிமிடத்துக்கு மேல் ஓடினால் அபராதம். 10 நொடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் மிச்சம் என்று கனடா அரசாங்கமே சொல்கிறது. மதுரை சிக்னலில் நொடி ஓடுகிறது, 60, 59 என்று கண்ணெதிரே தெரிகிறது, அணைக்க யோசிக்கவே வேண்டாம். ரயில்வே கேட்டிலும் அப்படித்தான். மலை ஏறி முடித்த கையோடு மட்டும் அணைக்காதே, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், ஒரு நிமிடம் ஓடட்டும்.

இங்கே 401 நெடுஞ்சாலையில் பெரும்பாலான இடத்தில் வேகம் 100தான், ஆனால் எல்லாரும் 120ல் பறக்கிறார்கள். 100க்குப் பதில் 120ல் போனால் சுமார் 20 சதவீதம் கூடுதலாக எரியும், வேகம் ஏற ஏறக் காற்று அப்படி எதிர்த்துத் தள்ளும். நாலு வழிச்சாலையில் திண்டுக்கல் போகும்போது 80லேயே போ, பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகும், பரவாயில்லை. கூரைமேல் இருக்கிற கேரியரையும் சாமான் இல்லாத நாளில் கழற்றிவை, காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடிக்கும். டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள். இங்கே இப்போது மைனஸ் 12, குளிர் இறங்க இறங்க டயரில் காற்றழுத்தம் தானாகக் குறைகிறது, வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது, டீசல் என்றால் கிட்டத்தட்ட 2.7 கிலோ. லிட்டரே ஒரு கிலோ எடை இல்லையே, இது எப்படி என்று நானும் திகைத்தேன். எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது, எடை அதில்தான் ஏறுகிறது. குட்டி மூச்சு விடுகிற காற்று அண்ணே அது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை டேங்க் நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள், பத்து நாள் இப்படி ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி நிரப்பிப் பார். எத்தனை லிட்டர் பிடித்தது, எவ்வளவு ஓடியது என்று எனக்கு எழுது.

பிரேக் பேடை நாளைக்கே மெக்கானிக்கிடம் காட்டு. காசு அனுப்பியிருக்கிறேன், அதற்குத்தான். அடுத்த கொடைக்கானல் சவாரியில் இரண்டாவது கியரில் இறங்கு, காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் கொடு. இங்கே நடு ராத்திரியாக இருந்தாலும் விழித்திருப்பேன்.

உன் தம்பி