பாங்காக் டூர் ஏற்பாட்டாளர்களுக்கு: கோன் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்

அன்புள்ள டூர் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து பாங்காக்குக்குக் குழு குழுவாக ஆட்களை அழைத்துப் போகிற உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: தாய்லாந்தின் முகமூடி நாட்டியமான கோன் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.

முதல் தடவை நானும் ஒரு குழுவோடுதான் போனேன். முதலாம் ராமா மன்னர் 1782-இல் கட்டத் தொடங்கிய பெரிய அரண்மனைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். அங்குள்ள மரகத புத்தர் சிலைக்கு ஒரு கும்பிடு, நாலு போட்டோ, பஸ்ஸில் ஏறியாச்சு. அடுத்து ஒரு நகைக்கல் கடையில் ஒன்றரை மணி நேரம். ராத்திரி அறையில்தான் அரண்மனை டிக்கெட்டை எடுத்துப் படித்தேன். அந்த 500 பாட் (தாய்லாந்துப் பணம்) கட்டணத்திலேயே சாலா சலெர்ம்குருங் அரங்கில் கோன் நாட்டியம் பார்ப்பதும் சேர்த்தி. பணம் கட்டியும் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த முறை அம்மாவோடு தனியாகப் போனேன். அரண்மனையிலிருந்து இலவச வண்டியிலேயே அரங்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1933-இல் சினிமா கொட்டகையாகத் திறந்த கட்டடம் அது. ஆட்டம் அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அம்மா இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்.

கோன் என்பது ராமாயணம்தான், தாய்லாந்தின் ராமகியன். ஆடுபவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஓரமாக உட்கார்ந்தவர்கள் பாடுகிறார்கள், வசனம் சொல்கிறார்கள். அரக்கர்களுக்கும் குரங்குகளுக்கும் முகமூடி உண்டு, ராமனுக்கும் சீதைக்கும் இல்லை. உடையை ஆடுபவர் உடம்போடு வைத்தே தைத்துவிடுவார்களாம், அவ்வளவு இறுக்கம். அந்த இறுக்கத்தோடு குரங்கு குட்டிக்கரணம் போடுகிறது! சின்ன வயதில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த அம்மா, வெள்ளை முகமூடி மேடைக்கு வந்ததுமே "அனுமார்" என்றார். அப்புறம் அதே அனுமார், பாலம் கட்டும் கற்களைத் திருட வந்த மீன்கன்னி சுவண்ண மச்சாவைத் துரத்திப் பிடித்து, காதலிலும் விழுந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அனுமார் பிரம்மச்சாரி ஆயிற்றே. அந்தப் பெண் தசகண்டனின் மகள், தசகண்டன்தான் நம் ராவணன் என்று காதில் சொன்னேன். ராமகியனில் சீதையும் அவனுக்கே பிறந்தவள் என்றபோது, கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

இந்த வியப்பைத்தான் உங்கள் பயணிகள் இழக்கிறார்கள். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை இது என்பதுகூட எனக்கு இரண்டாம்பட்சம். ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வேறெந்த ஊர்க்காரரையும் விட இது சட்டென்று பிடிபடும்.

நேரம் இல்லை என்பீர்கள். கடைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதி போதும். நாங்கள் போனபோது வார நாட்களில்தான் ஆட்டம் இருந்தது. அதனால் அரண்மனையைச் சனி, ஞாயிறில் வைக்காதீர்கள். பஸ்ஸில் போகும்போதே தசகண்டன் யார், சுவண்ண மச்சா யார் என்று பத்து நிமிடம் சொல்லிவிடுங்கள். மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் 178 சுவரோவியங்களில் முழுக் கதையும் இருக்கிறது. வடக்கு வாசல் பக்கம் தொடங்கி வலமாக வரவேண்டும். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, சரி. பாலம் கட்டும் காட்சியையாவது காட்டிவிட்டு அரங்கத்துக்குக் கூட்டிப்போங்கள்.

டிக்கெட்டை நீங்களே வைத்துக்கொள்ளாமல், அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி ஒருவர்