கேப்டன், அந்தக் கால்ஷீட்டைக் கொடுத்தது யார்?

அன்புள்ள கேப்டன் விஜயகாந்துக்கு,

2024 செப்டம்பரில் விஜய் நடித்த ‘தி கோட்’ படம் பார்க்கப் போனேன். திரையில் உங்கள் முகம் வந்ததும் அரங்கமே எழுந்து கத்தியது. நானும் கை வலிக்கத் தட்டினேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு திரும்பும் வழியில்தான் மனம் உறுத்தியது. நான் கைதட்டியது உங்களுக்கா?

டூப் வைத்துக்கொள்ளத் தயங்குவீர்கள் என்பதற்காகவே உங்கள் சண்டைக் காட்சிகளை நேசித்தவர்கள் நாங்கள். சுவரில் ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழன்று உதைப்பீர்களே, அந்த உதையில் உங்கள் எலும்பு பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். இந்தப் படத்தில் வேறொருவர் உடலின் மேல் செயற்கை நுண்ணறிவு உங்கள் முகத்தைப் பொருத்தியது. உங்களுக்கே டூப் போட்டுவிட்டார்கள், கேப்டன்.

திருட்டுத்தனமாக எதுவும் நடக்கவில்லை. உங்கள் துணைவியாரிடம் அனுமதி பெற்றார்கள். அனுமதியில்லாமல் யாரும் உங்கள் உருவத்தை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்றும் அவர் அறிவித்தார். அது சரியே. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் அது அவருடைய சம்மதம். 1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி ‘ஊமை விழிகள்’ படத்தில் நடித்தீர்கள். 1993இல் விஜய் வளர வேண்டிய பையனாக இருந்தபோது ‘செந்தூரப்பாண்டி’யில் அவருக்கு அண்ணனாக வந்து நின்றீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு வாய் இருந்தது. அதனால்தான் அந்தச் சம்மதத்துக்கு அவ்வளவு மதிப்பு.

அதே படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலையும் இப்படித்தான் மீட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாட்டை இன்றுவரை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

2014இல் இறந்த ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ், தன் உருவத்தை 25 ஆண்டுகளுக்கு யாரும் விளம்பரங்களிலோ படங்களிலோ பயன்படுத்தக் கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்துவிட்டார். 2039 வரை அந்தத் தடை நிற்கும். நம் நடிகர்களில் எத்தனை பேர் அப்படி எழுதிவைத்திருப்பார்கள்?

நடிகர் சங்கத் தலைவராக இருந்து, வெளிநாட்டில் கலைநிகழ்ச்சி நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தவர் நீங்கள். படப்பிடிப்பில் நாயகனுக்கும் லைட்மேனுக்கும் ஒரே சாப்பாடு என்று பிடிவாதமாக இருந்தவர். இன்று இருந்திருந்தால், உங்கள் முகத்துக்கு அடியில் வியர்வை சிந்தி நடித்தவருக்கு என்ன சம்பளம், அவர் பெயரை எங்கே போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தச் சங்கத்திடம் உங்கள் பெயரால் ஒன்று கேட்கிறேன். ஒவ்வோர் உறுப்பினரிடமும் ஒரு தாளை நீட்டட்டும். நான் போன பிறகு என் முகத்தையும் குரலையும் பயன்படுத்தலாமா, கூடாதா, எந்த மாதிரிப் படத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை அவரவர் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும். மூத்த கலைஞர்களிடமிருந்து தொடங்கட்டும்.

என்றும் உங்கள் ரசிகன்.