ஏழு மணிக்குச் சாப்பாடு கிடைக்காத ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கென்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஐந்து நாள் தென் அமெரிக்கப் பயணத் திட்டத்தைப் படித்தேன். முதல் நாள் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ், இரண்டாம் நாள் இகுவாசு அருவி, மூன்றாம் நாள் ரியோ, அப்புறம் மறுபடி புவெனஸ் ஐரிஸ், ஐந்தாம் நாள் மூட்டை கட்டு. படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நானும் என் கணவரும் எங்கள் முதல் பயணத்துக்குக் கிளம்பினோம், அது இறங்கிய முதல் நாளே கவிழ்ந்தது. கவிழ்ந்ததால்தான் பயணம் உருப்பட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புவெனஸ் ஐரிசுக்கு இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய விமானங்கள் இறங்குவது எசெய்சாவில். நகர மையத்திலிருந்து சாலை வழியாக 30 கிலோமீட்டருக்கு மேல். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை கிளம்புவது ஏரோபார்க்கேவிலிருந்து. அது ஊருக்குள்ளேயே, பலெர்மோ பக்கம், ஆற்றங்கரையில் இருக்கிறது. எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற இரண்டரை மணி நேரம் விட்டிருந்தார். இரண்டு டிக்கெட்டிலும் ஊர் பெயர் ஒன்றுதானே, எங்களுக்கும் உறைக்கவில்லை. குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருந்தது, டாக்சி, நெரிசல் எல்லாம் தாண்டி ஏரோபார்க்கே வாசலில் போய் நின்றபோது இகுவாசு விமானம் போயே போய்விட்டது. அடுத்த விமானத்துக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் என் கணவர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். சாலையில் போகலாம் என்றால் அது சுமார் 1,300 கிலோமீட்டர். கொஞ்ச நேரம் கழித்து, "அருவி எங்கேயும் ஓடிப்போகாது, இங்கேயே இருந்துடலாமா?" என்றார். இருந்தோம், ஐந்து நாளும், ஒரே அறையில்.

சேர்ந்து அதிகம் ஊர் சுற்றாத இரண்டு பேர் முதல்முறை வெளியே போகும்போது ஒருவருக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும், இன்னொருவர் எவ்வளவு வேகமாக நடப்பார், யாருக்கு எப்போது வாய் மூடிக்கொள்ளத் தோன்றும் என்பதெல்லாம் இருவருக்குமே தெரியாது. இதையெல்லாம் விமான நிலைய வரிசைகளில் நின்று கண்டுபிடிக்க வேண்டுமா? ஐந்து நாளில் மூன்று விமானம் என்றால் மிச்சமிருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதில் தூக்கத்தையும் கழியுங்கள்.

எங்கள் முதல் சண்டை நேரத்தைப் பற்றித்தான். அன்று மாலை ஆறரைக்குப் பசியோடு சான் டெல்மோ தெருக்களில் இறங்கினோம். எல்லா உணவகத்திலும் நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தன. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டு விரல்களைக் காட்டினார். "நீங்க முன்னாடியே பார்த்து வெச்சிருக்கக் கூடாதா" என்று நான், "ஏன் நான் மட்டும்தான் பார்க்கணுமா" என்று அவர். எட்டு மணிக்கு நாங்கள் உள்ளே போனபோது கடையில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும் ஒன்பதரைக்கு மேல்தான் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் வரத் தொடங்கின. அந்த ஊரில் இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான். நடுவில் பசியைத் தாங்க ஐந்து, ஆறு மணி வாக்கில் மெரியெண்டா என்று ஒன்று இருக்கிறது: பால் காப்பி, கூடவே மெதியாலூனா என்கிற பிறை வடிவ ரொட்டி. இந்த ஒரு வார்த்தையை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் முதல் நாள் சண்டை மிச்சமாகியிருக்கும். உங்கள் அட்டவணையில் 'இரவு 7 மணி: விருந்து' என்று போட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து மாற்றுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து அந்த ஊர்க் கடிகாரத்துக்கு எங்களை மாற்றிக்கொண்டோம். காலை பத்துக்கு முன் எந்தத் திட்டமும் கிடையாது. மதியம் நிதானமான சாப்பாடு. வேலை நாட்களில் பல உணவகங்களில் மதியத்துக்கென்று மலிவான மெனு இருக்கும். மாலையில் மெரியெண்டா, கொஞ்சம் தூக்கம், பிறகு குளித்து உடை மாற்றிக்கொண்டு ஒன்பதரைக்கு வெளியே. ஒரு தம்பதிக்கு இதைவிட வசதியான அட்டவணையை யாரும் போட்டுத் தர முடியாது.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கறி சாப்பிடுவேன், அவர் சுத்த சைவம். பரிஷா எனப்படும் கரி அடுப்புக் கடைகளில் எனக்குக் கொண்டாட்டம். பீஃபே தே சோரிசோ என்றதும் ஏதோ சாசேஜ் வரும் என்று நினைத்தேன், இரண்டு விரல் தடிமனில் ஒரு மாட்டிறைச்சித் துண்டு வந்து இறங்கியது. அவருக்கு அதே அடுப்பில் உருக்கிய ப்ரோவொலேத்தா சீஸ். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்பது கட்டுக்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய இத்தாலியர்கள் பாஸ்தாவையும் பீட்சாவையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். கொர்ரியெந்தெஸ் சாலையில் நள்ளிரவில் நின்றுகொண்டே சாப்பிடும் வெங்காயம் சீஸ் ஃபுகசேத்தா பீட்சா, அதன் மேல் வைத்துத் தரும் கடலை மாவு அடையான ஃபைனா, சோளம் வைத்த உமிதா எம்பனாதா (நம்ம ஊர் சோமாசி மாதிரி) என்று அவர் என்னைவிட நன்றாகவே சாப்பிட்டார். இரண்டு எச்சரிக்கை மட்டும். அங்கே 'கார்னே' என்றால் பொதுவாக மாட்டிறைச்சி, ஆகவே கார்னே வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாமோ கோழியோ தட்டில் வந்து உட்காரலாம், அவற்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். இன்னொன்று, மெதியாலூனாவில் 'மன்தேகா' என்பது வெண்ணெயில் செய்தது, 'கிராசா' என்பது வழக்கமாக மாட்டுக் கொழுப்பில் செய்தது. இதை அவர் மூன்றாம் நாள்தான் தெரிந்துகொண்டார். அன்று மாலை முழுக்க நான் எதுவும் பேசவில்லை.

ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று. ஆப்பில் கோழிக்கு 'போயோ' என்று படித்தோம், அந்த ஊர் வாயில் அது 'போஷோ'. தெருவுக்கு 'காயே' இல்லை, 'காஷே'. அதனால்தான் மேலே பரிஷா என்று எழுதினேன், அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

கிழமை பார்க்காமல் அந்த ஊருக்கு டிக்கெட் போடக் கூடாது. சான் டெல்மோவின் பழம்பொருள் சந்தை ஞாயிறன்று தெஃபென்சா தெரு நெடுக நடக்கும், மற்ற நாளில் போனால் வெறும் தெரு. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, லத்தீன் அமெரிக்க ஓவியங்களுக்கான மால்பாவுக்குச் செவ்வாய் விடுமுறை. வியாழன் பகல் மூன்றரைக்கு மாயோ சதுக்கத்தில் அன்னையர் வருவார்கள். 1976 முதல் 1983 வரையிலான ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு, வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு, 1977-இல் தொடங்கிய நடை அது. நாங்கள் எதுவும் தெரியாமல் அங்கே உள்ள அதிபர் மாளிகையான காசா ரோசாதாவைப் படம் எடுக்கப் போய் நின்ற வேளையில் எதிரே வந்தார்கள். கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டோம். சதுக்கத்தின் நடுவில் உள்ள சிறிய பிரமிடைச் சுற்றி அவர்களோடு நடப்பவர்கள் நடக்கிறார்கள், நாங்களும் பின்னால் ஒரு சுற்று நடந்தோம். அன்று சாயங்காலம் இருவரும் அதிகம் பேசவில்லை, அந்த மௌனத்துக்கும் முதல் நாள் மௌனத்துக்கும் நிறைய வித்தியாசம். வியாழன் இறங்கித் திங்கள் கிளம்பும்படி போட்டால் அன்னையர் வரும் வியாழன், சந்தை கூடும் ஞாயிறு இரண்டுமே கைக்குள் வந்துவிடும்.

தேனிலவுக்குப் போய்க் கல்லறையா என்று எங்கள் அத்தை கேட்டார். ரெக்கோலேத்தாவில் பளிங்கு வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் அந்த இடம் கல்லறை மாதிரியே இல்லை. அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி எவிதாவைத் தேடுகிறவர்கள் பெரோன் என்ற பெயரைப் பார்த்து அலைகிறார்கள். அவர் கிடப்பது தன் பிறந்த குடும்பமான துவார்த்தே பெயரில் உள்ள அறையில். 1952-இல் இறந்தவரின் உடலை 1955-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஒளித்துவைத்து, வேறொரு பெயரில் இத்தாலியில் புதைத்து, அது சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர 1976 ஆனது.

டாங்கோ. உங்கள் திட்டத்தில் விருந்தோடு சேர்த்து டாங்கோ காட்சி என்று ஒரே வரி. காட்சி பளபளப்பாகத்தான் இருக்கும், போகிறவர்கள் போகட்டும். ஆனால் ஊர்க்காரர்கள் ஆடுவது மிலோங்கா என்கிற கூடங்களில். இரவு பதினொன்றுக்கு மேல்தான் களை கட்டும், பல இடங்களில் அதற்கு முன்னால் புதியவர்களுக்கு வகுப்பு நடக்கும். வகுப்பில் ஒரு மணி நேரமும் எங்களை வெறுமனே நடக்க விட்டார்கள், இருவர் சேர்ந்து, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல். அது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிலோங்காவில் யாரும் கையை நீட்டி ஆட வாங்க என்று கூப்பிடுவதில்லை. தூரத்திலிருந்து கண்ணால் ஒரு பார்வை, பதிலுக்குத் தலையசைப்பு, அதற்குக் கபெசேயோ என்று பெயர். தம்பதியாக ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் வேறு யாரும் உங்கள் பக்கம் பார்க்க மாட்டார்கள், அதுவும் நல்லதுதான். மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தாந்தா, அது முடிந்ததும் சம்பந்தமில்லாத ஒரு துண்டு இசை வரும், களம் காலியாகும். எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள். நாங்கள் கடைசியாக ஒரே ஒரு தாந்தா ஆடினோம். ஆடினோம் என்பது பெரிய வார்த்தை, ஓரமாக நடந்தோம். எழுபது வயதிருக்கும் ஒரு ஜோடி எங்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. என் கணவர் என் காதில், "நமக்கு இன்னும் நாற்பது வருஷம் இருக்கு" என்றார்.

பணம், போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக. நாணயம் பெசோ. விலைவாசி வேகமாக மாறும் நாடு, 2023-இல் ஆண்டுப் பணவீக்கம் 200 சதவீதத்தைத் தாண்டியது, ஆகவே பழைய பயணக் குறிப்பில் இருக்கும் எந்த விலையையும் நம்பாதீர்கள். ஃபுளோரிதா தெருவில் 'காம்பியோ, காம்பியோ' என்று கூவுகிறவர்களிடம் டாலர் மாற்றச் சொல்லும் அறிவுரையும் பழசு. 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான டாலர் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு டாலரின் அரசு விலைக்கும் தெரு விலைக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. ஓட்டல் பில்லை வெளிநாட்டு அட்டையில் கட்டிப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 21 சதவீத மதிப்புக் கூட்டு வரி கிடையாது, கேட்டு வாங்குங்கள். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் சூபே என்ற அட்டை. ஒரே அட்டையை இரண்டு முறை தட்டி இருவரும் போகலாம். பஸ்ஸில் எங்கே இறங்குவீர்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுத்தான் தட்ட வேண்டும். மெட்ரோவின் 'ஏ' பாதை 1913-இல் ஓடத் தொடங்கியது, லத்தீன் அமெரிக்காவில் அதுதான் முதல். முகவரி கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு தெருத்துண்டுக்கு நூறு எண்கள், ஒரு துண்டு சுமாராக நூறு மீட்டர். பழைய நாடக அரங்குக்குள் இருக்கும் எல் அத்தேனியோ புத்தகக் கடை சான்டா ஃபே 1860 என்றால், 1200-இல் நிற்கும் உங்களுக்கு இன்னும் ஆறேழு துண்டு நடை.

லா போகா பகுதிக்குச் சான் டெல்மோவிலிருந்து மாலை நடையாகப் போகலாம் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அங்கே காமினீத்தோவின் வண்ண வீடுகள் சில தெருக்கள்தான், பகலில் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வண்டியிலேயே திரும்புவதுதான் அங்கே எல்லோரும் சொல்லும் வழி. உங்கள் முதுகில் எதையாவது தெளித்துவிட்டுத் துடைத்துவிட ஓடி வருகிறவர்களிடமும் நிற்காதீர்கள், துடைக்கும்போதே பை போய்விடும்.

ஜூலையில் பருத்தி உடை போதும் என்றிருக்கிறீர்கள். ஜூலை அங்கே குளிர்காலம். நாங்கள் போனது நவம்பரில், தெருவெல்லாம் ஹகராந்தா மரங்கள் ஊதாவாகப் பூத்துக் கொட்டிக் கிடந்தன. ஒரு நாளாவது ஊரை விட்டு வெளியே போக வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு ரெத்தீரோ நிலையத்திலிருந்து டீக்ரேவுக்கு ரயில் இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரம், அங்கே கழிமுகத் தீவுகளுக்குள் படகில் சுற்றலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கக் கொலோனியா அழகுதான், ஆனால் அது உருகுவே, விசாவை மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். உங்கள் வரைபடத்தில் புவெனஸ் ஐரிசுக்கு ஒரே ஒரு விமானக் குறிதான் போட்டிருக்கிறது. அடுத்த இணைப்பில் அதை இரண்டாகப் போட்டு, நடுவில் ஒரு டாக்சியையும் வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி