மூன்று பாத்தி கேட்கிறோம்

மதிப்புக்குரிய விவசாய விரிவாக்க அதிகாரிகளுக்கு,

போன கிழமைக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவன் நான். ‘கடை மருந்தை விட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள்’ என்றீர்கள். நல்லது. கத்தரிக்காய் துளைக்கும் புழுவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிப்பது என்று கேட்டேன். துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது என்றீர்கள். தேடிப் பார்த்தேன். வேப்பமரத்தின் படம் இருக்கிறது.

வேம்பை எனக்கு அறிமுகப்படுத்த வேண்டாம் ஐயா, என் வளவில் நாலு நிற்கிறது. பத்து லீற்றர் தண்ணீருக்கு அரைக்கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து, இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். இரண்டு பரப்புத் தோட்டத்துக்கு இடித்து என் மனைவியின் உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். சந்தையில் வியாபாரி ஓட்டைக் காய்களைத் தனியே கொட்டி, அரைச் சாக்கைத் திருப்பித் தந்தார். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அதன்பின் மேலால் அடிக்கும் கரைசல் என்ன செய்யும்?

கடை மருந்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பைரெத்ரொயிட் என்ற செயற்கைப் பூச்சிமருந்து பட்ட புழு சட்டென்று சுருண்டு விழும், சரி. கூடவே அந்தப் புழுவை அழிக்கிற குளவியும் சாகும், பிறகு சாறு உறிஞ்சும் வெண்ஈ பெருகும். மருந்தடிக்கும் டாங்கி கழுவிய தண்ணீரை ஊற்றுவது செம்மண்ணில். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் நாங்கள் குடிக்கும் தண்ணீர். செடியிலிருந்து வந்தால் தீங்கில்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். புகையிலை ஊறிய தண்ணீரில் உள்ள நிக்கொட்டின் நஞ்சு அடிக்கிறவனின் தோலாலேயே உடம்பில் இறங்கும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். எங்கள் மண்ணில், எங்கள் கண்முன்னே மூன்று பாத்தி போடுங்கள். ஒன்றுக்கு வேம்பு, ஒன்றுக்குப் போத்தல் சிட்டையில் உள்ள அளவுப்படி செயற்கை மருந்து, ஒன்றைச் சும்மா விடுங்கள். செலவையும் நல்ல காயின் நிறையையும் எழுதி ஒட்டுங்கள்.

2021 சித்திரையில் அரசாங்கம் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் தடை என்றது, கார்த்திகையில் தடை இல்லை என்றது. எங்களைத்தான் கேட்கவில்லை, புழுவுக்காவது ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மூன்று பாத்திக்கு நிலம் நான் தருகிறேன், தண்ணீர் இறைப்பதும் நானே. தயவுசெய்து வரும் நாளை மட்டும் சொல்லுங்கள். நாற்று முப்பது நாளாகிறது, நடும் பருவம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணம், வலிகாமத்துக் கத்தரித் தோட்டக்காரன்