மாத்திரையை நான் நிறுத்திய கதை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. "ஏனம்மா நிறுத்தினாய்?" என்று நீ கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறுக்கு 200 மில்லிகிராம் அமியோடரோன் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் படபடப்பு அடங்கிவிட்டது. அடங்கிய பிறகு மாத்திரை செய்யும் நன்மை கண்ணுக்குத் தெரிவதில்லை; தொந்தரவு மட்டுமே தெரிகிறது. அந்த ஒரு மாத்திரையில் ஏறக்குறைய 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறதாம். உடம்புக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ 0.15 மில்லிகிராம்தான். அந்த மிகுதியால் என் தைராய்டு மந்தமாகிப் பகலெல்லாம் அசதியாகக் கிடந்தேன். வயதாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் உறையாமலிருக்கத் தந்த அசினோகூமரால் ஒரு நாள் முழு மாத்திரை, மறுநாள் அரை. பிளேடால் வெட்டினால் ஒரு பாதி தூளாகிவிடும். அதை விரல்நுனியில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வேன். மருந்துக்கு ஆகாது என்று பயந்து முருங்கைக்கீரையை அடியோடு விட்டேன். வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க மாதந்தோறும் பஸ் ஏற வேண்டும்.

ஆடியில் அமியோடரோனை நிறுத்தினேன். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் நேரவில்லை. அது கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வெளியேறும் மருந்து என்பதும், அந்த மாதம் என்னைக் காத்தது பழைய மாத்திரையின் மிச்சமே என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான், சில நாட்களிலேயே உடம்பை விட்டுப் போய்விடும் அசினோகூமராலையும் புரட்டாசியில் விட்டுவிட்டேன். இந்தக் கோளாறு உள்ளவர்களின் இதய மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்கு ஏறக்கூடும். பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. மாவு மொத்தமாக வாசலில் கொட்டியது. பத்து நிமிடத்தில் கை சரியானது என் பாக்கியம்.

அசதியை முன்பே சொல்லியிருந்தால் டாக்டர் அன்றே வழி செய்திருப்பார். இப்போது தைராய்டுக்குத் தனி மாத்திரை தந்திருக்கிறார். அசினோகூமராலுக்குப் பதில் காலையும் இரவும் அபிக்ஸபான். விலை கூடுதல்தான், ஆனால் கீரைக் கணக்கும் இல்லை, ஐ.என்.ஆரும் இல்லை.

இரவு கூப்பிடும்போது "மாத்திரை போட்டாயா?" என்று கேட்காதே. "போட்டேன்" என்று மூன்று மாதம் உன்னிடம் பொய் சொன்னவள் நான். அசதியாக இருக்கிறதா, மாத்திரை என்ன தொந்தரவு செய்கிறது என்று கேள். அதற்கு உள்ளதைச் சொல்வேன்.

அன்புடன்,
அம்மா