பிரேக்கில் ஒரு 'டொக்'

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் கை முழுக்க இருந்த கிரீஸ்தான். சிரிக்காதே. பரமத்தி ரோட்டுப் பட்டறையை விட்டு வந்து இத்தனை வருடம் கழித்து மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன்.

இங்கே ஒரு விவசாயி களஞ்சியத்தில் போட்டு வைத்திருந்த 1995 ஃபோர்டு எஃப் 150 பிக்கப்பை வாங்கினேன். 4.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், பின்சக்கரத்துக்கு மட்டும் இழுவை. இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. முன்பக்கம்தான் வம்பு. நேராகப் போகச் சொன்னால் ஆடு மேய்வது போல இங்கேயும் அங்கேயும் அலைகிறது. பிரேக்கை மிதித்தால் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம், கூடவே இடது பக்கம் ஒரு இழுப்பு. டயர் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. கனடாவில் நான் இருக்கிற இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் பழைய வண்டி வாங்கினால், ரோட்டில் ஓட்டத் தகுதியானது என்கிற 'சேஃப்டி' சர்டிபிகேட் காட்டாமல் நம்பர் பிளேட் கிடைக்காது. அந்தச் சர்டிபிகேட்டுக்கு ஆயுசு 36 நாள். ஆகவே ரோட்டில் இறக்கும் முன்பே முன்பக்கத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

இந்த வண்டியின் முன்பக்கத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். நம் லாரியின் முன் ஆக்சில் ஒரே ஐ பீம், ஒரே இரும்பு உத்தரம்தானே? அதை இரண்டு துண்டாக்கி, ஒன்றையொன்று தாண்டிப் போகிற மாதிரி வைத்ததாக நினைத்துக்கொள். இடது சக்கரத்தின் பீம் வண்டியின் குறுக்கே போய் வலது பக்கம் சேசிஸ் சட்டத்தில் ரப்பர் புஷ் போட்டு மாட்டியிருக்கும். வலது சக்கரத்தின் பீம் இடது பக்கம். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றது கவலைப்படாது. பீம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றிலிருந்தும் ரேடியஸ் ஆர்ம் என்று ஒரு கை பின்னோக்கிப் போகும். அதன் முனை சேசிஸ் பிராக்கெட்டில் நுழைந்து, முன்னே ஒரு ரப்பர், பின்னே ஒரு ரப்பர், கடைசியில் நட்டு. பட்டா ஸ்பிரிங் இல்லை, சுருள் ஸ்பிரிங். 1965இல் கொண்டுவந்த அமைப்பு இது. எஃப் 150இல் 1996 வரை வைத்திருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முரட்டுத்தனமாக இருந்தாலும் ஒளிவுமறைவு இல்லை.

முதலில் ஒரு கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். சக்கரம் திரும்ப விடுகிற உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் நாலு, ஸ்டியரிங் கம்பிகளின் முனை மூட்டான டை ராட் எண்ட் எல்லாம், ஷாக், ஸ்டியரிங் பாக்ஸ். எங்கே ஆட்டம் என்று காட்டச் சொன்னேன், "பழைய வண்டி சார், எல்லாம் போயிருக்கும்" என்பதுதான் பதில். அவர்களைச் சொல்லி என்ன, வீட்டுக்கு வந்து நான் செய்ததும் அதேதான். டை ராட் எண்டாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாட்டினேன். வாசலில் பத்தடி ஓட்டிப் பிரேக் அடித்தேன். டொக்.

அன்றைக்கு நம் மேஸ்திரி இருந்திருந்தால் ஸ்பேனராலேயே அடித்திருப்பார். ஞாபகம் இருக்கிறதா, வண்டி வந்து நின்றால் அவர் முதலில் எதையும் கழற்ற மாட்டார். யாரையாவது ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு ஒவ்வொரு ஜாயின்டிலும் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். மறுவாரம் அதையே செய்தேன். சக்கரத்தைத் தரையில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, வீட்டுக்காரி ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டினாள். லிங்க் எல்லாம் கெட்டி. அப்புறம் பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடதில் லேசாக ஆட்டம். பேரிங்கா பால் ஜாயின்டா? பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டினேன், ஆட்டம் அப்படியே இருந்தது. பேரிங்காக இருந்தால் பிரேக் பிடித்ததும் மறைந்திருக்கும். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பியதில் கீழ் பால் ஜாயின்ட் மாட்டிக்கொண்டது. சரி, ஒன்று கிடைத்தது. ஆனால் பிரேக்கில் வரும் டொக் அதுவாக இருக்க முடியாது.

அதைக் கண்டுபிடித்தது மேஸ்திரிக்குத் தெரியாத ஒரு வித்தை. போனை வீடியோவில் போட்டு, ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் தரையில் சாய்த்து வைத்தேன். ஓடுகிற வண்டிக்கு அடியில் தலையை விடும் வயதெல்லாம் போய்விட்டது. வீட்டுக்காரி பிரேக்கை அழுத்தியபடியே கியரை டிரைவிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிப் போட்டாள். வீடியோவில் பார்த்தால், இடது ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்குள் ஒரு விரல்கடை முன்னும் பின்னும் போய் வருகிறது! முன் ரப்பர் இருந்த இடத்தில் கறுப்புத் தூள்தான் மிச்சம். பிரேக் அடித்தால் சக்கரம் பின்னால் தள்ளப்படும், அந்தத் தள்ளலைத் தாங்குவது முன் ரப்பர். அது இல்லாததால் இடது சக்கரம் மட்டும் பின்னால் நகர்கிறது, வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. காஸ்டரும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வும், அப்போதைக்கப்போது மாறுவதால்தான் நேரோட்டத்தில் அந்த அலைச்சல். ஒரு ரப்பர் துண்டுக்கு எத்தனை பழி பார். வண்டி செய்தவனைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது குளிர்காலத்து ரோட்டு உப்பு எதைத்தான் விட்டுவைக்கும்?

அந்த நட்டைக் கழற்றியதுதான் பெரிய கதை. மூன்று நாள் எண்ணெய் ஊற வைத்தேன். நகரவில்லை. கடைசியில் கேஸ் டார்ச்சில் பழுக்கக் காய்ச்சி, ஸ்பேனர் முனையில் நாலடிக் குழாயைச் செருகி ஏறி நின்றேன். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிரேக் காலிபரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஷாக்கைக் கழற்றி பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தானாகவே தளர்ந்து வந்துவிடுகிறது. பிறகு ரேடியஸ் ஆர்மை முன்னால் இழுத்துப் புது புஷ் போட்டேன். கெட்டியான பாலியூரித்தேனில் போடச் சொன்னார்கள். வேண்டாம் என்று ரப்பரே போட்டேன். அந்த ஆர்ம் மேலும் கீழும் கோணலாக அசைய வேண்டியது, அதற்கு ரப்பரின் நெகிழ்வுதான் லாயக்கு. பால் ஜாயின்டின் கூம்பு முனையை விடுவிக்க நம் பழைய முறைதான், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் இரண்டு பக்கமும் சுத்தியால் ஒரே நேரத்தில் ஒரு போடு. பீம் புஷ்களையும் மாற்றிவிட்டேன். அந்த போல்ட்டை வண்டி தரையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

டயரின் உள்விளிம்பு தேய்ந்ததற்குக் காரணம் தளர்ந்து உட்கார்ந்துவிட்ட ஸ்பிரிங். இந்த அமைப்பில் வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். கழற்றிய கையோடு இரண்டையும் புதிதாக மாற்றினேன். வேலை முடித்து ஜாக்கியை இறக்கியபோது ஒரு நிமிடம் நெஞ்சு நின்றுவிட்டது. இரண்டு சக்கரமும் அடியில் உள்ளே வாங்கி, வளைகாலன் மாதிரி நின்றது வண்டி! அப்புறம்தான் உறைத்தது, தூக்கி இறக்கினால் இது அப்படித்தான் நிற்கும். முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டியதும் ஒழுங்காக உட்கார்ந்தது. டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை மட்டும் நூல் கட்டி அளந்து வைத்திருக்கிறேன். சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கேம்பரைச் சரிசெய்ய மேல் பால் ஜாயின்டில் வேறு கோண புஷ் போட வேண்டியிருக்கும், அதை அலைன்மென்ட் மிஷினில் பார்த்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை இழுவை வண்டி வருகிறது. வாசலில் இப்போது பிரேக் அடித்தால் சத்தமே இல்லை. வீட்டுக்காரி நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள், அவளுக்கும் இதில் பங்கு உண்டே.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னை மாற்றிய பிறகு அந்த லாரிக்கு ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை, கனமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பவர் ஸ்டியரிங் பம்ப்பில் கை வைக்காதே. முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கிலிருந்து வரும் டிராக் லிங்க்கையும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகக் கையால் திருப்பிப் பார். எந்தப் பக்கம் இறுக்கம் என்று உடனே தெரிந்துவிடும். மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் துளையைச் சீவும் ரீமரைத் தனித்தனியாக ஓட்டியிருந்தால் இரண்டும் ஒரே கோட்டில் இருக்காது, கிங்பின் இறுகப் பிடித்துக்கொள்ளும். புதுப் பையன் செய்தான் என்றாயே, அதனால் எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறானா என்றும் பார். பார்த்துவிட்டு எழுது. பையனை ரொம்பத் திட்டாதே, நான் டை ராட் எண்ட் வாங்கிய கதையை அவனுக்குச் சொல்.

உன்
பங்காளி